கண்ணாடி மணியைப் படிக்கும் உரிமை யாருக்கு?

மாணவ நண்பர்களே! மெரினாவிலோ பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ ஒரு பிடி மணலை அள்ளி, உருப்பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். தெளிவாகத் தோன்றுபவை குவார்ட்ஸ் மணிகள். இளஞ்சிவப்பானவை கார்னெட். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மணிகள் இரும்புத் தாதுக்கள். ஒவ்வொரு மணியும் ஏதோ ஒரு பாறையிலிருந்து உடைந்து, ஆற்றோடு வந்து, அலையில் உருண்டு தேய்ந்ததாகும். மணலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது வந்த வழியும் தெரியும்.

ஜப்பானில் ஹிரோஷிமா நகரையொட்டிய கடற்கரை மணலை இப்படித்தான் மேரியோ வானியே என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அம்மணலில் வழக்கமான மணிகளுக்கு நடுவே, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை அளவுள்ள உருண்டையான கண்ணாடி மணிகள் இருந்தன. ஆறும் அலையும் அத்தகைய மணிகளை ஆக்குவதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர்களாலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் அவை ஆராயப்பட்டன. 1,800 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அவை உருவாகியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. கான்கிரீட், எஃகு போன்ற கட்டடப் பொருள்களின் சாயல் அவற்றில் இருந்தது. 1945 ஆகஸ்டு 6 அன்று அழிந்த நகரமே உருகி, மணிகளாகித் திரும்ப விழுந்திருக்கிறது என்று 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை முடிவு கூறியது. நம் ஊருக்கு இக்கதி நேர்ந்தால், அந்த மணிகளில் மயிலாப்பூரின் கருங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும், தியாகராய நகரின் கான்கிரீட்டும் இரும்பும் கலந்திருக்கும்.

அணுகுண்டு எப்படிப்பட்டது, எவ்வளவு வலிவுடையது, எங்கே வெடித்தது என்பதையெல்லாம் இத்தகைய துகள் சொல்லிவிடும். அப்படியானால் அதைப் படிக்கும் உரிமை யாருக்கு? குண்டைச் செய்தவருக்கு மட்டுமா? இல்லை, சுதந்திரமாக ஆராயும் பிற விஞ்ஞானிகளுக்கும் அது உண்டு. அவர்கள் வாயிலாகப் பொதுமக்களுக்கும் உண்டு என்பது என் கருத்து. இது நியாயத்தைப் பற்றிய கருத்து மட்டுமன்று. அந்த மணி உருவாகும் முறையே இதைக் கோருகிறது.

மணி பிறக்கும் விதம்

உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16 விடியற்காலையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 30 மீட்டர் உயர எஃகுக் கோபுரத்தின் மீது வெடிக்கப்பட்டது. சோதனையின் பெயர் டிரினிடி. தீக்கோளத்தின் வெப்பத்தில் தரை மணல் உருகிற்று. மேலே உறிஞ்சப்பட்ட மணலும் உருகித் துளித்துளியாக மழைபோல் பொழிந்தது. எல்லாம் ஆறியபோது பாலைவனத்தின் மேல் பச்சை நிறக் கண்ணாடி ஓடு ஒன்று படர்ந்திருந்தது. அதற்கு டிரினிடைட் என்று பெயரிட்டனர். செப்புக் கம்பிகள் உருகிக் கலந்த இடங்களில் அது சிவப்பாக இருந்தது.

உருகிய மணல் ஏன் மறுபடியும் மணலாகாமல் கண்ணாடியாகிறது? பள்ளியில் பிரார்த்தனை மணி அடித்தபின் ஐந்து நிமிடம் கொடுத்தால் மாணவர்கள் வரிசையாக நின்றுவிடுவார்கள். மணி அடித்த அரை நொடியிலேயே 'அசையாதே!' என்று கட்டளையிட்டால், கலைந்த கூட்டம் கலைந்தபடியே நிற்கும். முதலாவது படிகம், இரண்டாவது கண்ணாடி. உருகிய மணல் மிக விரைவாகக் குளிரும்போது, அதன் அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதில்லை.

கூட்டத்தோடு கூட்டமாக அகப்பட்டுக்கொள்பவைதாம் கதிரியக்க அணுக்கள். யுரேனியமோ புளுட்டோனியமோ பிளவுபடும்போது பலவகைத் தனிமங்கள் பிறக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணாடிக்குள் நுழைவதில்லை. சிர்கோனியம் போன்ற தனிமங்கள் அதிக வெப்பத்திலேயே ஆவி நிலையை விட்டு இறங்கி, உருகிய துளிக்குள் புகுந்துவிடும். சீசியம்-137 அப்படியன்று. அதன் பெரும்பகுதி முதலில் செனான்-137 என்ற வாயுவாக இருக்கிறது. அந்த வாயுவின் அரை ஆயுட்காலம் சுமார் 4 நிமிடம். அது சிதைந்து சீசியமாக மாறுவதற்குள் கண்ணாடித் துளி உறைந்து கதவைச் சாத்திவிடும். ஸ்ட்ரான்ஷியம்-90 கதையும் இதுவே. அது கிரிப்டான் என்ற வாயுவின் வழியாகப் பிறக்கிறது. இப்படிப் பிந்தி வரும் அணுக்கள் மணியின் மேற்பரப்பில் படியும். அல்லது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியில் ஒட்டிக்கொண்டு மேல்காற்றில் ஏறிவிடும்.

இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. கனமான கண்ணாடி மணிகள் வெடித்த இடத்துக்கு அருகிலேயே விழுகின்றன. கண்ணாடிக்குள் அகப்படாத சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் நாடு நாடாகப் பயணம் செய்து மழையோடு இறங்குகின்றன. புல்லில் விழுந்து, பசுவின் பாலில் சேர்ந்து, குழந்தைகளை அடைகின்றன. ஸ்ட்ரான்ஷியம் வேதியியல் குணத்தில் கால்சியத்தின் உறவினர். ஆகையால் அது எலும்பிலும் பல்லிலும் குடியேறுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்து ஆராய்ந்து, இதை ஐயமற நிரூபித்தார்கள்.

மணியைப் படிக்கும் முறை

முதல் வழி மிகவும் எளியது. மணியை அறுத்து மெருகேற்றி, இருட்டில் புகைப்படச் சுருளின் மேல் வைக்க வேண்டும். கதிரியக்கம் உள்ள இடங்கள் சுருளில் கறுப்புப் புள்ளிகளாகப் பதியும். 1896-இல் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்ததும் புகைப்படத் தகட்டின் உதவியால்தானே!

அடுத்தது காமா நிறமாலைமானி. காமா கதிர்களை வீசும் கதிரியக்க அணு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலுடன் அவற்றை வீசுகிறது. மிகவும் குளிர்விக்கப்பட்ட ஜெர்மானியப் படிகம் அந்த ஆற்றலை அளந்து, 'இது சீசியம், இது கோபால்ட்' என்று பிரித்துக் காட்டும். டிரினிடைட்டில் கோபால்ட்-60 இருந்தால், அது கோபுரத்து எஃகிலிருந்து வந்தது. யுரோப்பியம்-152 பாலைவன மண்ணிலிருந்து வந்தது. பேரியம்-133 குண்டைச் சுற்றியிருந்த சாதாரண வெடிமருந்திலிருந்து வந்தது. புளுட்டோனியம் குண்டின் எரிபொருளில் பிளவுபடாமல் எஞ்சியது. சிறிய ஒரு துண்டில் எத்தனை சாட்சிகள் பாருங்கள்!

மூன்றாவது வழியில், மணியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, தனிமங்களைப் பிரித்து, நிறை நிறமாலைமானியில் அணுக்களை எண்ணுகிறார்கள். இதன் அருமையைக் காட்ட ஒரே ஓர் உதாரணம் போதும். சிர்கோனியம்-95 சில மாதங்களில் பெரும்பாலும் சிதைந்துவிடும். 70 ஆண்டு கழித்துத் தேடினால் அது கிடைக்காது. ஆனால் அது சிதைந்து சிதைந்து கடைசியில் மாலிப்டினம்-95 என்ற நிலையான அணுவாகிறது. சிர்கோனியம்-97 அவ்வாறே மாலிப்டினம்-97 ஆகிறது. டிரினிடைட்டில் இந்த மாலிப்டினம் சற்றே மிகுந்திருப்பதை அளந்து, 1945-இல் வெடித்த குண்டின் வலிவு சுமார் 22 கிலோ டன் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். ஒரு கிலோ டன் என்பது 1,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த அளவு 21 கிலோ டன். இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன!

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் இதையும் போட்டுப் பாருங்கள். சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு. 80 ஆண்டில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. அதே 80 ஆண்டில் அதில் எவ்வளவு எஞ்சும்?

வெள்ளைச் சாம்பல்

எல்லாத் துகள்களும் கண்ணாடியாக இருப்பதில்லை. 1954 மார்ச்சு 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 15 மெகா டன் வலிவுள்ள ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அங்கே மணல் இல்லை, இருந்தது பவளம். பவளம் என்பது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைப்பதை அறிவீர்கள். பவளத்தீவும் சுட்ட சுண்ணாம்பாகி, வெள்ளைச் சாம்பலாக விழுந்தது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் அது பொழிந்தது. படகின் பெயர் ஐந்தாம் எண் ஃபுக்குரியு மாரு. அதிலிருந்த 23 பேரும் கதிரியக்கத்தால் நோயுற்றனர். குபோயாமா என்பவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார்.

சாம்பலில் என்ன இருக்கிறது என்பதை அமெரிக்கா சொல்லவில்லை. டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலாளர் கிமுரா கெஞ்சிரோ குழுவினர் தாமே அதைப் பகுத்தாய்ந்து, யுரேனியம்-237 இருப்பதைக் கண்டனர். இதே ஐசோடோப்பை 1940-இல் முதன்முதலில் கண்டறிந்த ஜப்பானியக் குழுவில் கிமுராவும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. வேகமிக்க நியூட்ரான் ஒன்று யுரேனியம்-238 மீது மோதி, இரண்டு நியூட்ரான்களை வெளியே தள்ளினால் யுரேனியம்-237 கிடைக்கும். பிரிட்டனில் வாழ்ந்த இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட் ஜப்பானிய அளவீடுகளைப் பார்த்தார். குண்டின் வலிவில் பெரும்பகுதி அணுச்சேர்க்கையால் அன்றி, அதைச் சுற்றியிருந்த யுரேனியம் பிளவுபட்டதால் வந்தது என்று கணக்கிட்டு 1955-இல் வெளியிட்டார். வல்லரசு ஒன்றின் பெரிய இரகசியத்தை ஒரு சிட்டிகைச் சாம்பல் அம்பலப்படுத்திற்று. சாம்பல் எதிரியிடம் அகப்பட்டதால் நடந்ததன்று இது. பாதிக்கப்பட்டவர்களின் நாட்டில் தேர்ந்த வேதியியலாளர்கள் இருந்ததால் நடந்தது.

தியாகராய நகரிலிருந்து வாஷிங்டனுக்கு

அந்நிகழ்ச்சி நடந்த ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, பிரதமர் நேரு லோக சபையில் அணுச் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு வல்லரசுகளை வேண்டினார். அதோடு நிற்கவில்லை. இவ்வாயுதங்களின் அழிவாற்றலையும் விளைவுகளையும் அவற்றைச் செய்பவர்கள் உலகுக்கு முழுமையாக அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டார். பிறரைக் கேட்டதை நம் அரசு தானும் செய்தது. இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி அணு வெடிப்புகளின் விளைவுகளைப் பற்றித் தொகுத்த நூலை, நேருவின் முன்னுரையுடன் 1956-இல் மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவே வெளியிட்டது.

நம் சென்னையிலும் ஒருவர் இதை உயிர்ப் பிரச்சினையாகக் கருதினார். அவர்தாம் தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த இராஜாஜி. 1962-இல், தமது 83-ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் அவர் அமெரிக்கா சென்றார். செப்டம்பர் 28 அன்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துமாறு வலியுறுத்தினார். மறு ஆண்டு ஆகஸ்டு 5 அன்று, காற்றிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அவர் போனதால்தான் அது வந்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் இராஜாஜி விஞ்ஞானி அல்லர்; வழக்கறிஞர். சாம்பலையும் பாலையும் பல்லையும் ஆராய்ந்தவர்கள் தம் முடிவுகளைப் பூட்டி வைத்திருந்தால், அவரைப் போன்ற பொதுமனிதர்கள் எதைக்கொண்டு வாதாடியிருப்பார்கள்?

பூமிக்குள் போன சாட்சி

1963-ஆம் ஆண்டு உடன்படிக்கை காற்றைக் காத்தது. அதில் சேராத பிரான்சு 1974 வரையிலும் சீனா 1980 வரையிலும் காற்றில் சோதனை செய்தன. அதன்பின் அதுவும் நின்றது. இது மாபெரும் நன்மை. அதே சமயம் சோதனைகள் பூமிக்கடியில் சென்றதால், சாட்சியும் பூமிக்கடியில் சென்றுவிட்டது. நிலத்தடியில் வெடிக்கும்போது பாறை உருகி, குழியின் அடியில் கண்ணாடிக் குளமாக உறைகிறது. துளையிட்டு மாதிரி எடுக்கும் வசதி, சோதனை நடத்தியவர் ஒருவருக்கே உண்டு.

நம் நாட்டின் கதையும் இங்கேதான் வருகிறது. 1998 மே 11 அன்று ராஜஸ்தானத்தின் பொக்ரானில் இந்தியா மூன்று அணு வெடிப்புகளை நடத்தியது. அவற்றுள் ஒன்று 45 கிலோ டன் வலிவுள்ள ஹைட்ரஜன் குண்டு என்று அறிவிக்கப்பட்டது. அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆர். சிதம்பரம், சென்னையில் பிறந்து, மெரினாவை ஒட்டிய மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். வெடித்த இடத்தில் துளையிட்டு எடுத்த மாதிரிகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் பகுத்தாய்ந்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாதிரிகளில் சோடியம்-22-உம் மாங்கனீசு-54-உம் இருந்தன. சாதாரணச் சோடியம்-23-இலிருந்து ஒரு நியூட்ரானை மோதி வெளியேற்றச் சேர்க்கை வினையில் பிறக்கும் அதிவேக நியூட்ரான்கள் வேண்டும். ஆகவே அணுச்சேர்க்கை நடந்தது என்றும், குண்டின் வலிவு 50 கிலோ டன், கூடுதல் குறைவாகப் 10 கிலோ டன் என்றும் அவர்கள் கூறினர்.

அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே. ஐயங்கார், சேர்க்கை எரிபொருள் முழுமையாக எரிந்திராது என்றார். பொக்ரான் பணியில் பங்குபெற்ற பாதுகாப்பு விஞ்ஞானி கே. சந்தானம், எதிர்பார்த்த வலிவு கிட்டவில்லை என்று 2009-இல் வெளிப்படையாகச் சொன்னார். சிதம்பரமும் அனில் ககோட்கரும் அதை மறுத்தனர். நால்வரும் நாட்டுக்குப் பெரும்பணி ஆற்றியவர்கள். இவர்களுள் யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. கூற இயலாது என்பதுதான் என் குறை. ஏனெனில் குண்டைச் செய்த அமைப்பே மாதிரியை எடுத்தது, அதுவே அளந்தது, அதுவே முடிவையும் சொன்னது.

மேலே சொன்ன கண்ணாடிப் பாடத்தை இங்கே நினைவுகூருங்கள். ஒரே வெடிப்பில் பிறந்த இரண்டு மாதிரிகளில் ஒன்றில் சிர்கோனியம் மிகுந்தும் மற்றதில் சீசியம் மிகுந்தும் இருக்கலாம். எந்த இடத்திலிருந்து எடுத்தோம், எத்தனை எடுத்தோம், எதை எதனுடன் ஒப்பிட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும். எனவே மிகவும் நேர்மையான விஞ்ஞானியும் தனியாக அளந்தால் தவறலாம். இன்னொருவர் சரிபார்ப்பது அவர்மீதுள்ள அவநம்பிக்கை அன்று. அது அளவீட்டின் ஒரு பகுதி. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஊசலின் நேரத்தை ஒரே ஒருமுறை அளந்துவிட்டு ஆசிரியரிடம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாரா?

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'எல்லா அளவீடுகளையும் வெளியிட்டால் குண்டின் அமைப்பை அந்நியர் தெரிந்துகொள்வார்களே?' என்று கேட்பார்கள். இது வீண் அச்சமன்று. ராட்பிளாட் செய்தது அதைத்தானே! 1949-இல் சோவியத் நாடு தன் முதல் சோதனையை இரகசியமாக நடத்தியபோது, அமெரிக்க விமானம் ஒன்றின் வடிகட்டியில் சிக்கிய தூசி அதைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் முழு மறைப்பும் முழு வெளியீடும் மட்டுமே வழிகள் அல்ல. அரசின் நம்பிக்கைக்குரிய, ஆனால் ஆயுதப் பணியில் பங்கில்லாத விஞ்ஞானிகள் குழு ஒன்று, முத்திரையிட்ட மாதிரிகளை வேறோர் ஆய்வகத்தில் அளக்கலாம். அமைப்பைக் காட்டாத அளவீடுகளை உடனேயும், மற்றவற்றைக் குறித்த ஆண்டுகள் கழிந்தபின்னும் வெளியிடலாம். டிரினிடி மணிகளை 70 ஆண்டு கழித்து ஆராய்ந்து வெளியிட்டதால் அமெரிக்காவின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. 1954-இல் வல்லரசுகளிடம் விளைவுகளை அறிவியுங்கள் என்று கேட்ட நாடு நம்முடையது. அந்தக் கேள்வி நம்மை நோக்கி வரும்போது நாம் வேறு விடை சொல்லலாகாது.

இளம் வாசகர்களே! உங்களில் பலர் நாளை வேதியியலாளர்களாகலாம். மற்றவர்கள் ஆகாவிட்டாலும், இந்நாட்டின் வாக்காளர்கள் ஆவீர்கள். அணுகுண்டானாலும் சரி, அடையாற்று நீரானாலும் சரி, ஓர் அளவீட்டைப் பற்றி யாரேனும் உறுதியாகச் சொல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மாதிரியை எடுத்தவர் யார்? அளந்தவர் யார்? தொடர்பில்லாத இன்னொருவர் அதைத் திரும்பவும் அளக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்ற விடை கிடைத்தால்தான் அது விஞ்ஞானம். அதுவரை அது ஓர் அறிவிப்பு மட்டுமே.